எதிர்ப்புச் சக்தியைக் கூட்டணுமா, அடக்கணுமா? (முடக்குவாதம், மாக்ஜூன், சைட்டோகைன்)

பால்வாளி · 3 ஜூன், இரவு 8.52

மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். விரல் முட்டி வீங்கி, விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டுகிற உளி பிடிக்க முடியாமல் போனவருக்கு முடக்குவாதம் (ருமட்டாய்டு மூட்டழற்சி) என்று சொல்லி, எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மாத்திரை கொடுக்கிறார்கள். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுகிற மாக்ஜூன் என்ற மூலிகை உருண்டை விற்கிறார்கள். அதைத் தின்றால் மூன்றாம் நாள் வலி போய்விடுகிறது. அப்புறம் எதற்கு அடக்கணும்? நோய்க்குக் காரணம் சக்திக் குறைவு என்பது என் வாதம். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

மைக்ரோஸ்கோப் · 3 ஜூன், இரவு 9.31

மறுக்கிறேன். மூன்றாம் நாளே வலி போனது உண்மையாக இருக்கலாம். எனக்குச் சந்தேகமே அந்த வேகத்தில்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் "சக்தி" என்ற சொல்லை ஓரமாக வையுங்கள். மீட்டர் வைத்து அளக்கிற மாதிரி ஒரே பொருள் எதுவும் உடம்பில் இல்லை. இருப்பது பலவகைச் செல்களும், அவை ஒன்றையொன்று கூப்பிடச் சுரக்கிற சின்னச் சின்னப் புரதங்களும். அந்தப் புரதங்கள்தான் சைட்டோகைன். அழற்சியைக் கிளப்புகிற கூட்டத்தில் முக்கியமானவர்கள் நாலு பேர்: டிஎன்எஃப், இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-17.

தோட்டத்துப் பெரட்டு (விடியற்காலை ஆள் கணக்கெடுப்பு) மணி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கிருமி நுழைந்ததும் திசுவில் காவல் இருக்கும் மேக்ரோஃபேஜ் மணி அடிக்கிறது. ரத்தக் குழாயின் சுவர் ஒட்டுத்தன்மை பெற்று, வெள்ளையணுக்கள் அதில் ஒட்டி, இடுக்கு வழியாக வெளியே இறங்குகின்றன. சிவப்பு, சூடு, வீக்கம், வலி எல்லாம் இதன் பின்விளைவு. அழற்சி என்பது இதுதான். கிருமி ஒழிந்ததும் மணி நிற்க வேண்டும். முடக்குவாதத்தில் மூட்டுச் சவ்வுக்குள் கிருமியே இல்லாமல் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. ஆள் குறைவு என்ற பிரச்சினையே அங்கே கிடையாது. வேலை இல்லாத இடத்தில் இராப்பகலாகப் பெரட்டு. அங்கே போய் இன்னும் உரக்க அடிக்கச் சொல்கிறீர்கள்.

ரெண்டாம்பெரட்டு · 3 ஜூன், இரவு 10.04

மணி அடித்தும் வராதவன் பேரைக் கணக்கெழுதுகிற கிராணி வெட்டிவிடுவார். உடம்பில் கிராணி யாருண்ணே?

மைக்ரோஸ்கோப் · 4 ஜூன், காலை 6.15

கிராணி உண்டு. ஒழுங்குபடுத்தும் டி-செல் (வெள்ளையணுவில் ஒரு வகை), இன்டர்லூகின்-10, அட்ரினல் சுரப்பியின் கார்டிசால். இந்த மூன்றும் மணியை அடக்குகிற பக்கம்.

காலையில் ஏன் விரல் மடங்காது என்பதும் இங்கேதான் இருக்கிறது. முடக்குவாதக்காரருக்கு ரத்தத்தில் இன்டர்லூகின்-6 இரவு முழுக்க ஏறி விடியலை ஒட்டி உச்சத்துக்கு வருகிறது. கார்டிசால் எழுந்து அதை அமுக்க நேரம் பிடிக்கிறது. பால் வெட்டப் போகிற நேரமும் அதேதான். மரத்துக்குள் அழுத்தம் அதிகமாக இருக்கிற நேரத்தில் மனுசன் கை மட்டும் மரக்கட்டை.

கவனிக்க ஒரு குறிப்பு. காலை இறுக்கம் அரை மணி நேரத்துக்குள் தளர்ந்தால் பெரும்பாலும் தேய்மானம். ஒரு மணி நேரம் தாண்டினால் அழற்சியைச் சந்தேகிக்கணும். தேய்மானம் விரல் நுனிக் கணுவைப் பிடிக்கும். முடக்குவாதம் அதை விட்டுவிட்டு நடுக் கணுவையும் விரலின் அடி முட்டியையும், அதுவும் இரண்டு கையிலும், பிடிக்கும். கிளினிக்கில் "கை வலி" என்று மட்டும் சொல்லி டிக்ளோஃபெனாக் வலி மாத்திரை வாங்கி வராதீர்கள். எத்தனை நிமிடம் இறுகியிருக்கிறது, எந்தக் கணு, ஒரு கையா இரண்டு கையா என்று சொல்லுங்கள். ரெஃபர் பண்ணுகிற டாக்டருக்கு அது போதும்.

மருந்துக்கடை · 4 ஜூன், மதியம் 1.20

மாக்ஜூனுக்கு வருகிறேன், இது என் பேட்டை. எந்த மூலிகையும் முடக்குவாத வீக்கத்தை மூன்று நாளில் வடிக்காது. மூன்று நாளில் வடிக்கிற பொருள் ஸ்டீராய்டு. நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்பிஆர்ஏ, வலிக்கு விற்கிற பாரம்பரியத் தயாரிப்புகளில் டெக்ஸாமெத்தசோன் கலந்திருப்பதைத் திரும்பத் திரும்பப் பிடித்து அறிவித்திருக்கிறது. 0.75 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்குச் சமம். உருண்டையில் எவ்வளவு கலந்தான் என்று கலந்தவனுக்கே தெரியாது.

வேடிக்கை என்னவென்றால், அது அடக்குகிற மருந்திலேயே பெரிய மருந்து. செல்லின் கருவுக்குள் போய் டிஎன்எஃப், இன்டர்லூகின்-1, 6 எல்லாவற்றின் உற்பத்தியையும் ஒரே போடாகப் போடும். "சக்தி கூட்டும்" என்று லேபிள் ஒட்டிச் சக்தியை அடக்கி விற்கிறான்.

தெரிந்துகொள்ள: முகம் வட்டமாக உப்பும், பசி கூடும், தோல் மெலிந்து சின்ன இடிக்கே கருநீலமாகும், சர்க்கரை ஏறும். பெட்டியில் மால் எண் இருக்கணும். மால் (MAL) என்ற எழுத்துகள், எட்டு இலக்கம், கடைசியில் டி (T). அந்த டி பாரம்பரிய மருந்து என்பதற்கு அடையாளம். எண்ணைத் திருடி அச்சடிக்கிறவர்களும் இருப்பதால் ஹோலோகிராம் ஒட்டியையும் பாருங்கள். என்பிஆர்ஏ தளத்தில் எண்ணைத் தட்டினால் பொருளின் பெயர் வரும். வந்த பெயரும் பெட்டியில் இருக்கிற பெயரும் ஒன்றா என்று பார்க்கணும். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

பால்வாளி · 4 ஜூன், இரவு 9.10

அப்படியென்றால் சாப்பிடுகிறவர் நாளைக்கே நிறுத்திவிடட்டும். முடிந்தது.

மருந்துக்கடை · 4 ஜூன், இரவு 9.14

வேண்டாம்! மாசக்கணக்கில் தின்றவர் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்ததால் அவருடைய அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். வாந்தி, தலைச்சுற்றல், ரத்த அழுத்தம் சரிவு, சர்க்கரை தாழ்வு, சில சமயம் மயக்கம். மிச்ச உருண்டையோடு பெட்டியையும் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்கள். டாக்டர் கணக்குத் தெரிந்த பிரெட்னிசோலோனுக்கு மாற்றிப் படிப்படியாகக் குறைப்பார். திட்டுவார் என்று பயந்து மறைப்பவர்கள்தான் அவசரப் பிரிவில் போய் நிற்கிறார்கள்.

மைக்ரோஸ்கோப் · 5 ஜூன், காலை 6.40

மணி உவமையை நானே பாதி வாபஸ் வாங்குகிறேன். பெரட்டு மணி எல்லார் காதிலும் ஒரே மாதிரி விழும். சைட்டோகைன் அப்படி விழாது. எந்தச் செல்லில் எந்த ஏற்பி (சைட்டோகைன் வந்து பொருந்துகிற இடம்) இருக்கிறதோ அதைப் பொறுத்து அர்த்தம் மாறும். இன்டர்லூகின்-6 கல்லீரலில் விழுந்தால் சிஆர்பி சுரக்கும், ரத்தப் பரிசோதனையில் அழற்சியைக் காட்டுகிற புரதம் அது. மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டுப் பகுதியில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைக் கிளப்பினால் காய்ச்சல். எலும்பின் பக்கம் போனால் எலும்பைத் தின்னும் செல்களை எழுப்பும். முடக்குவாத எக்ஸ்ரேயில் முட்டி ஓரம் கடித்த மாதிரி தெரிவது அதனால்.

இதிலிருந்து வருவது ஒன்று. பாரசிட்டமால் புரோஸ்டாகிளாண்டினை மட்டும் குறைக்கிறது, சைட்டோகைனைத் தொடாது. காய்ச்சல் இறங்கியதால் அழற்சி இறங்கியதாக எண்ணக் கூடாது.

ரெண்டாம்பெரட்டு · 5 ஜூன், காலை 7.02

அப்போ டிங்கி?

மைக்ரோஸ்கோப் · 5 ஜூன், இரவு 8.30

நல்ல இடத்தில் கையை வைத்தீர்கள். டிங்கியில் நாலு ரகம். ஒரு ரகம் வந்து போன பிறகு வேறு ரகம் வந்தால், பழைய எதிர்ப்பொருள் புது வைரஸைக் கொல்லப் போதாமல், மேக்ரோஃபேஜுக்குள் நுழைய வாசல் திறந்துவிடும். சைட்டோகைன் கூடி, குழாய்ச் சுவர் கசிந்து, ரத்தத்தின் நீர் வெளியேறும். "ஏற்கெனவே வந்ததால் சக்தி இருக்கு" என்று நினைக்கிறவருக்குத்தான் இரண்டாவது தடவை கடுமை கூடுகிறது.

கசிவு பெரும்பாலும் காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான் தொடங்கும், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். காய்ச்சல் விட்டது என்று வேலைக்குப் போகிற நாள்தான் ஹெமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு) பார்க்க வேண்டிய நாள். அது ஏறி, தட்டணு இறங்கினால் கசிவு. வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சுருண்டு படுத்தல் என்று எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. டிக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் தொடாதீர்கள். ஸ்டீராய்டு கொடுத்தும் பயன் காட்டவில்லை.

மருந்துக்கடை · 6 ஜூன், மதியம் 12.45

கோவிடில் டெக்ஸாமெத்தசோன் உதவியதே என்று யாராவது வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். 2020இல் பிரிட்டனில் நடந்த ரிகவரி ஆய்வு. தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். சுவாசக் கருவியில் இருந்தவர்களிடம் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களிடம் பலன் இல்லை. அழற்சி கிருமியோடு சண்டை போடுகிற கட்டத்தில் அடக்கினால் நஷ்டம், நுரையீரலையே எரிக்கத் தொடங்கிய கட்டத்தில் அடக்கினால் லாபம். மருந்து ஒன்றேதான், நாள்தான் வேறு.

மைக்ரோஸ்கோப் · 6 ஜூன், இரவு 9.55

எதிர்த் திசையில் ஒரு நிகழ்வு. 2006 மார்ச்சில் லண்டன் நார்த்விக் பார்க்கில் டிஜிஎன்1412 என்ற மருந்தை ஆறு ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஏற்றினார்கள். டி-செல்களை நேரடியாகத் தூண்டுகிற மருந்து. ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, குளிர் நடுக்கம், பிறகு அழுத்தம் சரிந்து, பல உறுப்புகள் செயலிழந்து, ஆறு பேரும் தீவிரச் சிகிச்சையில். உயிர் பிழைத்தார்கள். மாக்ஜூன் பெட்டி சொல்வது போல ஒருவன் சக்தியை நிஜமாகவே கூட்டிக் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

சின்ன அளவில் வேண்டுமானால் மும்பை. 2020இல் கோவிட் பயத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் கொடியைக் கஷாயமாகக் குடித்த ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு. தன்னுடலே கல்லீரலைத் தாக்கும் நோயின் சாயல் பரிசோதனையில் தெரிந்தது. இந்திய ஆயுஷ் அமைச்சு அந்த அறிக்கையை மறுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே லூபஸ் (தன்னுடலையே தாக்கும் இன்னொரு நோய்), முடக்குவாதம், தைராய்டு அழற்சி இருக்கிறவர் தொடாமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து.

பால்வாளி · 7 ஜூன், காலை 10.20

சரி, என் வாதம் தோற்றது. ஆனால் அடக்குகிற மாத்திரையும் ஆபத்து இல்லையா? வாரத்துக்கு ஒரு முறை என்று எழுதித் தருகிறார்கள். அது என்ன கணக்கு?

மருந்துக்கடை · 7 ஜூன், மதியம் 2.05

அது மெத்தோட்ரெக்சேட். வாரத்துக்கு ஒரே நாள். இந்த மருந்தில் உயிர் போகிற தவறு, தினமும் விழுங்குவதுதான். ஒரு மாத்திரை 2.5 மில்லிகிராம். எழுதித் தந்த அளவு 10 மில்லிகிராம் என்றால் நாலு மாத்திரை, ஒரே கிழமையில். "தினம் நாலு" என்று படித்துவிட்டால் சில நாளிலேயே வாய் முழுக்கப் புண், பிறகு எலும்பு மஜ்ஜை நின்றுபோகும். கிழமையின் பெயரைப் பெட்டியின் மேல் பெரிதாக எழுதி வையுங்கள். படிக்கத் தெரியாத பாட்டி என்றால் அந்த வாரத்து மாத்திரையை மட்டும் கையில் கொடுத்து, மிச்சத்தை வேறு ஒருவர் வைத்திருக்கணும்.

கூடவே ஃபோலிக் அமிலம் 5 மில்லிகிராம், மெத்தோட்ரெக்சேட் போடாத நாளில். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம். மூன்றாம் வாரம் "கேட்கவில்லை" என்று விட்டவர்கள் எண்ணிக்கையில் அதிகம். ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் மூன்றுக்கும் தொடக்கத்தில் சில வாரத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை. கள், சம்சு கூடவே கூடாது, கல்லீரல் தாங்காது. கர்ப்பத்துக்குத் திட்டமிட்டால் முன்கூட்டியே டாக்டரிடம் பேசணும். வறட்டு இருமலும் மூச்சுத் திணறலும் வந்தால் நிறுத்திவிட்டு அன்றைக்கே காட்டணும்.

கோ-ட்ரைமாக்சசோல் ஆண்டிபயாட்டிக்கை இதோடு சேர்க்கவே கூடாது. இரண்டும் ஃபோலேட்டை எதிர்ப்பவை, மஜ்ஜை இரட்டை அடி வாங்கும். வேறு கிளினிக்கில் சிறுநீர்த் தொற்றுக்கு எழுதித் தரும்போது "மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறேன்" என்று வாய் திறந்து சொல்லணும்.

மைக்ரோஸ்கோப் · 7 ஜூன், இரவு 10.40

கோ-ட்ரைமாக்சசோல் என்றதும் மெலியாய்டோசிஸ் ஞாபகம் வந்தது. நம் மண்ணிலும் தேங்கிய நீரிலும் இருக்கிற பாக்டீரியா. 1911இல் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும் முதலில் கண்டார்கள். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் ஸ்டாண்டனும் ஃபிளெச்சரும் விரித்து எழுதினார்கள். (நோயை "விட்மோர் நோய்" என்பார்கள். கிருஷ்ணசாமியின் பெயர் ஒட்டவில்லை, என்ன செய்ய.) சர்க்கரை நோயாளிகளுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் எளிதில் பிடிக்கும். ஊசி மருந்து முடிந்ததும் குறைந்தது மூன்று மாதம் வாயால் எடுக்க வேண்டியது கோ-ட்ரைமாக்சசோல்தான். அதாவது மெத்தோட்ரெக்சேட்காரருக்கு மெலியாய்டோசிஸ் வந்தால் இரண்டு டாக்டர்களும் ஒருவரோடு ஒருவர் பேசியே ஆகணும். அடக்கும் மருந்தில் இருப்பவர் காலில் வெட்டுக் காயத்தோடு வெறுங்காலில் சேற்றில் இறங்க வேண்டாம். பூட்ஸ் போடுங்கள்.

ரெண்டாம்பெரட்டு · 8 ஜூன், காலை 6.50

கேள்வி கை வலி. இப்போ சேற்றில் நிற்கிறோம்.

மைக்ரோஸ்கோப் · 8 ஜூன், இரவு 8.15

மேலே ஏறுவோம். மெத்தோட்ரெக்சேட்டுக்குக் கேட்காதவர்களுக்கு டிஎன்எஃப்பை மட்டும் பிடித்துக் கட்டுகிற ஊசி. லண்டன் கென்னடி கழகத்தில் ஃபெல்ட்மனும் மைனியும் 1980களின் கடைசியில் நோயாளி மூட்டிலிருந்து எடுத்த செல்களை வளர்த்து டிஎன்எஃப்பை மட்டும் தடுத்துப் பார்த்தார்கள். இன்டர்லூகின்-1 உற்பத்தியும் கூடவே விழுந்தது. ஒரு மணியை நிறுத்தினால் பின்னால் இருக்கிற மணிகளும் நிற்கின்றன என்பது புதுச் செய்தி. 1992இல் நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தார்கள். இன்ஃப்ளிக்சிமாப், எட்டனர்செப்ட், அடாலிமுமாப் எல்லாம் அந்த வழியில் வந்தவை. முடக்குவாதம், முதுகெலும்பு மூட்டு அழற்சி, சோரியாசிஸ், குடலைத் தாக்கும் குரோன் நோய் எல்லாவற்றுக்கும் மூன்றுமே கேட்கும்.

மைக்ரோஸ்கோப் · 8 ஜூன், இரவு 11.30

மேலே கடைசி வரி பிழை. எட்டனர்செப்ட் குரோன் நோய்க்குக் கேட்காது, மற்ற இரண்டும் கேட்கும். மூன்றும் டிஎன்எஃப்பைத்தான் பிடிக்கின்றன, பிடிக்கிற விதம் வேறு. இன்டர்லூகின்-17 தடுப்பூசி மருந்தும் அப்படித்தான். சோரியாசிசுக்கு அருமை, குரோன் நோயை மோசமாக்கலாம், வாயில் வெள்ளைப் பூஞ்சை வரலாம். ஒரு சைட்டோகைன் ஒரு உறுப்பில் தீ வைக்கிறது, இன்னொரு உறுப்பில் வேலி காக்கிறது. இதை எழுதத்தான் தூக்கத்திலிருந்து எழுந்தேன்.

தடுப்பூசி மருந்து என்று எழுதியது குழப்பும். சைட்டோகைனைத் தடுக்கிற ஊசி என்று படியுங்கள். பிள்ளைகளுக்குப் போடுவது வேறு.

மைக்ரோஸ்கோப் · 9 ஜூன், மாலை 5.10

வேலிக்குப் பெரிய சாட்சி காசநோய். நுரையீரலில் தூங்குகிற காசக் கிருமியைச் சுற்றிச் செல்கள் கட்டிய சுவர் குலையாமல் இருக்க டிஎன்எஃப் வேண்டும். ஊசி போட்டு டிஎன்எஃப்பைப் பிடுங்கினால் சுவர் இடியும். 2001இல் இன்ஃப்ளிக்சிமாப் எடுத்த 70 பேரின் காசநோய் பற்றி அறிக்கை வந்தது. பாதிக்கு மேல் நுரையீரலுக்கு வெளியே. இடைநிலைக் கணக்கில், மருந்து தொடங்கிய பன்னிரண்டாம் வாரத்தில் காசம் வந்திருக்கிறது.

ஆகவே ஊசிக்கு முன் மார்பு எக்ஸ்ரேயும், தூங்குகிற காசத்தைத் தேடுகிற மாண்டூ தோல் பரிசோதனை அல்லது இக்ரா ரத்தப் பரிசோதனையும். நம் ஊரில் பிசிஜி (காசத் தடுப்பூசி) போடாத ஆள் குறைவு, அது மாண்டூவைக் குழப்பும், இக்ராவைக் குழப்பாது. ஸ்டீராய்டு தின்கிறவருக்கு மாண்டூ பொய்யாக "இல்லை" என்று காட்டலாம். இங்கேதான் மாக்ஜூன் மறுபடி வருகிறது: அதை மறைத்தவருடைய மாண்டூவை நம்பவே முடியாது. லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பக்கத்து வீட்டில் யாருக்காவது காசம் இருந்ததா என்பதையும் சொல்லணும். தூங்குகிற காசம் இருந்தால் அதற்கு மருந்து தொடங்கிக் குறைந்தது ஒரு மாதம் கழித்துத்தான் ஊசி.

ஹெபடைட்டிஸ் பி பரிசோதனையும் உண்டு. நம் நாட்டில் குழந்தைகளுக்கு அந்தத் தடுப்பூசி 1989இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்கள் "போட்டாச்சு" என்று சொல்ல வேண்டாம்.

பால்வாளி · 9 ஜூன், இரவு 9.00

சிஆர்பி 3 என்று வந்தால் நோய் அடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

மைக்ரோஸ்கோப் · 9 ஜூன், இரவு 9.48

எந்த மருந்தில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. சிஆர்பி கல்லீரல் சுரப்பது, உத்தரவு இன்டர்லூகின்-6 உடையது. டோசிலிசுமாப் என்ற மருந்து இன்டர்லூகின்-6இன் ஏற்பியையே அடைப்பதால், நுரையீரல் அழற்சி வந்து கிடந்தாலும் சிஆர்பி தாழ்ந்தே இருக்கலாம். ஆளைப் பார்க்கணும், தாளை மட்டும் பார்க்கக் கூடாது.

லூபஸில் வேறு கூத்து. நோய் பொங்கும்போதும் சிஆர்பி பலருக்குச் சாதாரணமாக இருக்கும், இஎஸ்ஆர் (சிவப்பணு படிகிற வேகம்) மட்டும் ஏறும். லூபஸ்காரருக்குச் சிஆர்பி எகிறினால் தொற்றைத் தேடணும். இஎஸ்ஆரோ ரத்தசோகையிலும் ஏறும், வயசிலும் ஏறும்.

ரத்தசோகை என்றதும்: நீண்டகால அழற்சியில் இன்டர்லூகின்-6 கல்லீரலை ஹெப்சிடின் சுரக்க வைக்கிறது. அது குடலில் இரும்பு ஏறுவதையும், சேமிப்பிலிருந்து இறங்குவதையும் அடைக்கிறது. மாசக்கணக்கில் இரும்பு மாத்திரை தின்றும் ஏறாத ஹீமோகுளோபினுக்கு இது ஒரு காரணம். இரும்புச் சேமிப்பைக் காட்டுகிற ஃபெர்ரிட்டின் 30க்குக் கீழே என்றால் இரும்பு நிஜமாகவே இல்லை. அழற்சி இருக்கும்போது 30க்கும் 100க்கும் நடுவில் நின்றால் இரும்புக் குறைவும் அழற்சியும் கலந்திருக்கலாம். முருங்கைக்கீரை நல்லதுதான், பூட்டிய கதவை அது திறக்காது.

மருந்துக்கடை · 10 ஜூன், மதியம் 1.15

டிஎன்எஃப் ஊசியை வீட்டுக்குக் கொண்டு போகிறவர்களுக்கு. ஈப்போ ஆஸ்பத்திரியில் வாங்கி மோட்டாரில் உள்ளே தோட்டம் வரை போவதில்தான் கெடுகிறது. 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கணும். ஐஸ் பெட்டியில் ஐஸ்கட்டி மேல் நேராகப் படுக்க வைக்காதீர்கள், உறைந்தால் புரதம் குலைந்துவிடும். இளகிய பிறகு தெளிவாகத் தெரிந்தாலும் தூக்கிப் போடணும். துண்டில் சுற்றி ஐஸிலிருந்து விலக்கி வையுங்கள். வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில் வேண்டாம், ஃப்ரீசர் பக்கத்திலும் வேண்டாம், நடுத்தட்டு. குலுக்கக் கூடாது.

அடாலிமுமாப் 40 மில்லிகிராம் பேனா இரண்டு வாரத்துக்கு ஒன்று. போடுவதற்குக் கால் மணி முதல் அரை மணி முன் வெளியே எடுத்து வைத்தால் எரிச்சல் குறையும். சுடுதண்ணீரில் போட்டுச் சூடாக்காதீர்கள். தொடை, அல்லது தொப்புளிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி வயிறு, ஒவ்வொரு முறையும் இடம் மாற்றி. காய்ச்சல் அடிக்கிற அன்று போடாமல் முதலில் ஃபோன் பண்ணுங்கள். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள் கூடாது. ஃப்ளூ ஊசி போடலாம், போடணும்.

ரெண்டாம்பெரட்டு · 10 ஜூன், இரவு 8.33

மஞ்சள்? பாட்டி கேட்கச் சொன்னாங்க.

மைக்ரோஸ்கோப் · 10 ஜூன், இரவு 9.05

குர்குமின் ஆய்வுக் கிண்ணத்தில் டிஎன்எஃப்பை நன்றாகவே அடக்குகிறது. வாயால் தின்றால் குடலில் ஏறுவது மிகக் கொஞ்சம், மிளகோடு சேர்த்தால் ஓரளவு கூடும். குழம்பில் போடுங்கள். காப்சூலாக வாங்கி விழுங்குவதென்றால் மெத்தோட்ரெக்சேட் தருகிற டாக்டரிடம் சொல்லிவிட்டு, கல்லீரல் பரிசோதனை தேதியைத் தவறவிடாமல்.

பால்வாளி · 11 ஜூன், காலை 6.05

மாக்ஜூன் பெட்டியில் இருந்த மால் எண்ணைத் தட்டிப் பார்த்தேன். ஏதோ இருமல் மருந்தின் பெயர் வருகிறது. பெட்டியை ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை கிளினிக்.

மருந்துக்கடை · 11 ஜூன், காலை 7.20

அதுவரை அதைச் சாப்பிடுகிறவர் நிறுத்தக் கூடாது. எத்தனை மாசம், தினம் எத்தனை உருண்டை என்று எழுதி அந்தப் பையிலேயே போடுங்கள். ஆனால் வாந்தியோ மயக்கமோ வந்தால் திங்கள் வரை காத்திருக்க வேண்டாம்.